கேள்வி–பதில்: எடிட்டர் டாரத்தி ஆர்ஸ்னர் இயக்குநரானது எப்படி?

கே: ஹாலிவுட்டின் ஆரம்பக் காலத்தில் எடிட்டராக இருந்து இயக்குநரான பெண் யாராவது உண்டா? (தஞ்சாவூர் வாசகி)

ப: டாரத்தி ஆர்ஸ்னர். 1897இல் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்தவர். மருத்துவப் படிப்பைப் பாதியில் விட்டு, 1919இல், பின்னாளில் பாரமவுண்ட் ஆன கம்பெனியில் ஸ்கிரிப்ட் டைப் அடிக்கச் சேர்ந்தார். சீக்கிரமே கட்டிங் அறைக்கு வந்துவிட்டார். பேர் வாங்கித் தந்தது 1922இன் 'பிளட் அண்ட் சாண்ட்'. ருடால்ஃப் வாலண்டினோ அதில் காளைச் சண்டை வீரர். அவ்வளவு பெரிய நட்சத்திரத்தை நிஜக் காளை முன்னால் நிறுத்த முடியுமா? மாட்ரிட்டில் ஏற்கெனவே எடுத்திருந்த சண்டைக் காட்சிகளோடு வாலண்டினோவின் க்ளோஸ்-அப்களைச் சேர்த்துக் கோத்தார் ஆர்ஸ்னர். இந்த வேலையில் முதலில் சொதப்புவது திசை. லாங் ஷாட்டில் காளை இடமிருந்து வலமாகப் பாய்ந்தால், க்ளோஸ்-அப்பில் வீரர் இடப்பக்கம் பார்க்க வேண்டும். மாறினால் காளைக்கு முதுகு காட்டி நிற்பதாகிவிடும்.

கே: அப்போது ஃபிலிமை எப்படி வெட்டி ஒட்டினார்கள்? (சேலம் வாசகர்)

ப: ஃபிலிமை ஓட்டிப் பார்த்து எடிட் செய்யும் கருவியான மூவியோலா 1924இல்தான் வந்தது. அதற்கு முன் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தே வெட்டினார்கள். 35 மி.மீ. ஃபிலிமில் அடிக்கு 16 ஃபிரேம். நொடிக்கு 16 ஃபிரேம் ஓட்டினால் ஓர் அடி ஒரு நொடி. ஒட்டும்போது ஒரு துண்டின் ஓரத்தில் எமல்ஷனை, அதாவது படம் பதியும் பூச்சை, சுத்தமாகச் சுரண்டி, ஃபிலிம் சிமென்டை மெல்லிசாகத் தடவி, ஃபிலிம் ஓரத் துளைகளை நேருக்கு நேர் வைத்து அழுத்த வேண்டும். எமல்ஷன் துளி மிஞ்சினாலும் ப்ரொஜெக்டரில் ஒட்டு பிரியும். சிமென்ட் கூடினால் ஃபிலிம் வளையும். துளை பிசகினால் திரையில் படம் குதிக்கும். போதாததற்கு, அன்றைய ஃபிலிம் எளிதில் தீப்பிடிக்கும் நைட்ரேட்டால் ஆனது. பற்றிக்கொண்டால் தண்ணீருக்கும் அடங்காது.

கே: இயக்கும் வாய்ப்பு எளிதாகக் கிடைத்ததா? (அதே வாசகர்)

ப: கேட்டு வாங்கினார். கொலம்பியா ஸ்டூடியோவுக்குப் போய்விடுவேன் என்ற பிறகே பாரமவுண்ட் இறங்கிவந்தது. 1927இல் முதல் படம், 'ஃபேஷன்ஸ் ஃபார் விமன்'. 1929இல் 'தி வைல்டு பார்ட்டி', நடிகை கிளாரா போவின் முதல் பேசும் படம். மைக் ஓரிடத்தில் இருந்தால் நடிகையும் அங்கேயே நிற்க வேண்டும். ஆர்ஸ்னர் மைக்கைத் தூண்டில் கழியில் கட்டித் தலைக்கு மேலே கூடவே நகர்த்தச் செய்தார். பிற்பாடு வந்த பூம் மைக்குக்கு அது முன்னோடி. 1930களில் பெரிய ஸ்டூடியோக்களில் தொடர்ந்து படம் இயக்கிய ஒரே பெண் அவர்தான். கடைசிப் படம் 1943இல். 1960களில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் பாடம் எடுத்தார். 'தி காட்ஃபாதர்' இயக்குநர் பிரான்சிஸ் ஃபோர்டு கொப்போலா அவரிடம் படித்தவர். ஒரே ஒரு படம் பார்ப்பதென்றால் 1940இன் 'டான்ஸ், கேர்ள், டான்ஸ்' பாருங்கள். ஆட்டத்தை நிறுத்திவிட்டு மேடையிலிருந்தே ரசிகர்களை நடிகை மாரீன் ஓ'ஹாரா கேள்வி கேட்கும் காட்சிக்காகவே பார்க்கலாம்.