பெங்களூரில் நண்பர் வீட்டிலிருந்து விமானத்தில் ஊர் திரும்ப, எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும்? என்னென்ன கொண்டு போகலாம்?

நண்பர் வீடு எலெக்ட்ரானிக் சிட்டி, வெள்ளிக்கிழமை இரவு 8 மணிக்கு மதுரை விமானம் என்று எழுதியிருக்கிறீர்கள். மதியம் 3 மணிக்கு வீட்டு வாசலைத் தாண்டிவிடுங்கள். "அஞ்சு மணிக்குக் கிளம்பினாப் போதும்டா, டிபன் சாப்பிட்டுட்டுப் போ" என்று நண்பர் பிடித்து வைப்பார். பாசத்தில் சொல்வதுதான், ஆனால் அந்தப் பேச்சை மட்டும் கேட்காதீர்கள்.

டிக்கெட்டில் 8 மணி என்று போட்டிருந்தாலும் உங்கள் கணக்கு 7 மணியிலிருந்து தொடங்க வேண்டும். உள்நாட்டு விமானங்களுக்குப் பை வாங்கும் கவுண்டரை, புறப்பாட்டுக்கு 60 நிமிடம் முன்பே மூடிவிடுவார்கள். வாசலில் டிக்கெட்டும் அடையாள அட்டையும் காட்டி, கவுண்டர் வரிசையில் நின்று பையைப் போட 45 நிமிடம் வையுங்கள், ஆக 6.15-க்கு அங்கே இருக்க வேண்டும். எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து தேவனஹள்ளி பக்கம் உள்ள விமான நிலையம் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். வெள்ளிக்கிழமை சாயங்காலம் சில்க் போர்டு, மாரத்தஹள்ளி, டின் ஃபேக்டரி, ஹெப்பாள் மேம்பாலம் நான்கும் அடைத்துக்கொண்டால் இரண்டரை மணி நேரம் சாதாரணமாகப் போய்விடும். மழை பிடித்தால் மூன்று.

இரண்டு மணி நேரமே தாராளம் என்று கீழே யாராவது எழுதுவார்கள். எலகங்காவிலோ ஹெப்பாளிலோ குடியிருப்பவர்களுக்கு அது சரிதான். ஞாயிறு அதிகாலை 5 மணிக்குக் கிளம்புகிறவர்களுக்கும் சரி. ஊரின் தென்கோடியிலிருந்து வேலைநாள் மாலையில் கிளம்புகிறவருக்கு அந்தக் கணக்கைச் சொல்லாதீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

கேப் ஒன்றையே நம்பியிருக்க வேண்டாம். டிரைவர் கடைசி நேரத்தில் ரத்து செய்தால் அரை மணி நேரம் காலி. 2025 ஆகஸ்டில் மெட்ரோவின் மஞ்சள் வழித்தடம் திறந்த பிறகு உங்கள் நண்பரின் ஏரியாவுக்கு நல்ல வழி ஒன்று கிடைத்திருக்கிறது. எலெக்ட்ரானிக் சிட்டியில் ஏறி, ஆர்.வி. ரோடில் பச்சை வழித்தடத்துக்கு மாறி, மெஜஸ்டிக்கில் இறங்குங்கள். அங்கே கெம்பேகவுடா பஸ் நிலையத்தில் விமான நிலையத்துக்குப் போகும் கேஐஏ-9 என்ற வாயு வஜ்ரா ஏசி பஸ் நிற்கும். சில்க் போர்டு நெரிசலை மெட்ரோ மேலேயே தாண்டிவிடும், டின் ஃபேக்டரி வழியிலேயே வராது; ஹெப்பாள் மட்டும் மிச்சம். மெட்ரோ விமான நிலையம் வரை இன்னும் போகவில்லை, அந்த நீல வழித்தடத்துக்கு வேலை நடக்கிறது. வேறொரு நண்பர் வீடு ஹென்னூர் பக்கம் இருந்தால், பாகலூர் வழியாகப் பின்பக்கமாகவே போய்விடலாம். ஹெப்பாளைத் தொட வேண்டியதில்லை. இரண்டு முனையங்கள் இருக்கின்றன. டி1 ஆ, டி2 ஆ என்று டிக்கெட்டில் பார்த்து டிரைவரிடம் முன்பே சொல்லுங்கள்.

இனி பை. பெரும்பாலான உள்நாட்டு டிக்கெட்டுகளில் கவுண்டரில் போட 15 கிலோ, கையில் 7 கிலோ. கிளம்பும் நேரத்தில் நண்பரின் அம்மா ஊறுகாய் பாட்டிலும் காபித்தூளும் மைசூர்பாக்கும் எடுத்து வருவார்கள். அதற்காக இரண்டு கிலோ இடம் விட்டே பையைக் கட்டுங்கள். ஊறுகாய், நெய், தேன் மூன்றும் கவுண்டர் பைக்கு. பாட்டிலைத் திறந்து, எண்ணெய் கழுத்து வரை இருந்தால் ஒரு கரண்டி எடுத்துவிடுங்கள். மேலே போகப் போக விமானத்துக்குள் காற்றழுத்தம் குறையும், பாட்டிலுக்குள் இருக்கும் காற்று விரிந்து எண்ணெயை மரை வழியாக வெளியே தள்ளும். வாயில் பிளாஸ்டிக் தாளை இரண்டு மடிப்பாக வைத்து மூடியைத் திருகி, மூடியும் கழுத்தும் சேரும் இடத்தில் செல்லோ டேப்பை மூன்று சுற்று இழுத்து ஒட்டுங்கள். பிறகு இரண்டு கவர், அதன்மேல் பழைய துண்டு, பையின் நட்டநடுவில். ஓரத்தில் வைத்தால் இறக்கும்போது உடையும்.

மிளகாய்ப்பொடியைக் கைப்பையில் வைத்தால் பாதுகாப்புச் சோதனையில் எடுத்துவிடுவார்கள். பவர் பேங்க் இதற்கு நேர்மாறு: கைப்பையில் மட்டுமே. அதிலுள்ள லித்தியம் பேட்டரி தீப்பிடித்தால் பயணிகள் இருக்கும் இடத்தில் அணைக்க முடியும், அடியில் சரக்கு அறையில் முடியாது. 20,000 எம்ஏஎச் என்றால், விமான விதிகள் பேட்டரியின் அளவைச் சொல்லும் வாட் அவர் கணக்கில் 74 வரும்; அனுமதி கேட்காமல் 100 வரை கொண்டு போகலாம். மதுரை, தூத்துக்குடி விமானங்களில் ஏடிஆர் என்ற சின்ன விசிறி விமானமும் உண்டு. தலைக்கு மேலுள்ள அறை குறுகலாக இருப்பதால் டிராலி பையைப் படிக்கட்டிலேயே வாங்கி சரக்கு அறையில் போட்டுவிடுவார்கள். கொடுப்பதற்கு முன் பவர் பேங்கை மறக்காமல் உருவிக்கொள்ளுங்கள்.

டிக்கெட்டை நண்பர் போட்டுக் கொடுத்தாரா? இன்றே பெயரைப் பாருங்கள். நண்பர்கள் கூப்பிடும் பெயரை அடித்துவிடுவார்கள். ஆதாரில் கார்த்திகேயன், டிக்கெட்டில் கார்த்திக். இது எனக்கு நெடுநாள் ஆதங்கம். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். ஆனால் டிக்கெட் தளங்களில் குடும்பப் பெயர்க் கட்டத்தை நிரப்பாமல் நகர முடியாது, ஒற்றை எழுத்தையும் பல தளங்கள் ஏற்பதில்லை. கல்யாணமான பெண்கள் பாடு இன்னும் மோசம்: ஒரு அட்டையில் அப்பா இனிஷியல், இன்னொன்றில் கணவர் இனிஷியல். இத்தனை கோடிப் பேர் பெயர் வைக்கும் முறை ஒரு படிவத்துக்குத் தெரியாமல் இருப்பது எந்த விதத்தில் நியாயம்? இப்போதைக்கு வழி, இனிஷியலின் விரிவை, அதாவது அப்பா பெயரை, அந்தக் கட்டத்தில் போடுவது. எழுத்துப் பிழை என்றால் செக்-இன் செய்வதற்கு முன்பே விமான நிறுவனத்தை அழைத்துத் திருத்தச் சொல்லுங்கள். முகத்தைக் காட்டியே உள்ளே போக உதவும் டிஜியாத்ரா செயலி வைத்திருந்தாலும் ஆதார் பெயரும் போர்டிங் பாஸ் பெயரும் ஒத்துப்போக வேண்டும், இல்லாவிட்டால் சாதாரண வரிசைதான்.

இவ்வளவுக்கும் மேல் விமானத்தைத் தவறவிட்டால், டிக்கெட் ரீஃபண்ட் இல்லாத வகையாக இருந்தாலும் அரசு வரிகளையும் விமான நிலையப் பயன்பாட்டுக் கட்டணத்தையும் திருப்பித் தர வேண்டும் என்பது விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதி. தானாக வரும் என்று காத்திருக்காமல், டிக்கெட்டிலுள்ள பிஎன்ஆர் என்ற முன்பதிவு எண்ணைப் போட்டு நிறுவனத்தின் தளத்தில் விண்ணப்பியுங்கள்.