"பார்க்கலாம்" என்று மட்டும் அங்கே சொல்லிவிடாதீர்கள்

வேளச்சேரியிலிருந்து கேட்டிருக்கும் தம்பிக்கு. அடுத்த மாதம் ஸ்டுட்கார்ட் போகிறீர்கள், எட்டுப் பேர் டீமுக்கு லீட், அதில் ஐந்து பேர் ஜெர்மன்காரர்கள். வாடகை எவ்வளவு ஆகும், குக்கர் கொண்டுபோகலாமா, குளிர் தாங்குமா, டீமிடம் எப்படிப் பேசினால் கேட்பார்கள் என்று நாலு கேள்வி. முதல் மூன்றுக்கும் போய் இறங்கிய ஒரு மாதத்தில் உங்களுக்கே விடை தெரிந்துவிடும். குக்கர் எடுத்துக்கொள்ளுங்கள், கேஸ்கெட் இரண்டு கூடுதலாக வையுங்கள், போதும். நாலாவது கேள்விக்காகத்தான் இந்த ராத்திரியில் உட்கார்ந்து எழுதுகிறேன், ஏனென்றால் அதற்கு விடை தெரியாமல் நான் பட்ட பாடு கொஞ்சமில்லை.

நான் பெரம்பூர்ப் பெண். 2006 ஜனவரியில் அங்கே போனேன். நுங்கம்பாக்கம் மாக்ஸ் முல்லர் பவனில் ஜெர்மன் படித்துவிட்டுத்தான் போனேன், ஆனாலும் முதல் வாரமே ஒரு மீட்டிங்குக்கு "ஹால்ப் நொய்ன்" வரச் சொன்னார்கள், நான் ஒன்பதரைக்குப் போய் நின்றேன். "அரை ஒன்பது" என்றால் அங்கே எட்டரை, அதாவது ஒன்பதாவது மணியில் பாதி. பாடத்தில் படித்ததுதான், பதற்றத்தில் தமிழ்க் கணக்கு முந்திக்கொண்டது. யாரும் திட்டவில்லை, கதவைத் திறந்தபோது எல்லோரும் எழுந்து கிளம்பிக்கொண்டிருந்தார்கள். அன்றிலிருந்து இன்றுவரை நேரம் சொன்னால் எண்ணிலேயே திருப்பிச் சொல்லி உறுதி செய்துகொள்வேன்.

அது சின்ன விஷயம். பெரிய அடி 2009-இல், நான் லீட் ஆன பிறகு விழுந்தது. சென்னையில் பெருங்குடி ஆபீஸில் ஐந்து பேர், அங்கே என்னோடு மூன்று பேர். ஒரு மாட்யூலை 14-ஆம் தேதிக்குள் தர முடியுமா என்று மேனேஜர் கேட்டார். முடியாது என்று எனக்கு உள்ளுக்குள் தெரியும். ஆனாலும் "முயற்சி செய்கிறோம், பார்க்கலாம்" என்றேன். நம் ஊரில் கல்யாணப் பத்திரிகை கொண்டுவந்தவரிடம் "வரப் பார்க்கிறோம்" என்றால் அவர் நமக்கு இலை எண்ணமாட்டார், அது சொல்பவருக்கும் தெரியும், கேட்பவருக்கும் தெரியும். அங்கே சாயங்காலமே மீட்டிங் குறிப்பு எல்லோருக்கும் மெயிலில் வந்தது. அதில் என் பெயர், எதிரில் 14. நான் பதில் போடவில்லை. பதில் போடாவிட்டால் ஒப்புக்கொண்டதாகத்தான் எடுத்துக்கொள்கிறார்கள் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

14 வந்தது, வேலை முடியவில்லை. மேனேஜர் கத்தவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்: "திங்கட்கிழமையே உனக்குத் தெரிந்திருக்கிறது, வெள்ளிக்கிழமை ஏன் சொல்கிறாய்?" என்னிடம் பதில் இல்லை. தாமதம்கூட அவருக்குப் பெரிதாகப் படவில்லை, சொல்லாமல் வைத்திருந்ததுதான். அதனால் தம்பி, முடியாததை முடியாது என்று முதல் நாளே, கூடவே எது முடியும், எந்தத் தேதிக்கு என்று சேர்த்துச் சொல்லுங்கள். மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்வார்களோ என்று பயப்பட வேண்டாம், அப்போதுதான் உங்கள் "முடியும்" என்ற வார்த்தைக்கு விலை வரும்.

இன்னொரு எச்சரிக்கை. "சனிக்கிழமை ஒரு எட்டு வந்து முடிச்சுடலாமே" என்று பேச்சுவாக்கில் சொல்லிவிடாதீர்கள். நான் சொன்னேன். எதிரில் இருந்த இன்ஜினியர் அமைதியாக, ஊழியர் குழுவிடம் (ஊழியர்கள் தங்களுக்காகத் தேர்ந்தெடுக்கும் பிரதிநிதிகள்) கேட்டீர்களா என்றார். கூடுதல் நேர வேலை என்றால் அந்தக் குழுவின் சம்மதம் வேண்டும். அங்கே வேலை நேரச் சட்டமே தனியாக இருக்கிறது, ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் போகக்கூடாது, ஒரு நாள் வேலைக்கும் அடுத்த நாள் வேலைக்கும் நடுவில் பொதுவாகப் பதினொரு மணி நேர ஓய்வு. லீட் சொல்வது அவர்கள் காதில் வேண்டுகோளாக விழாது, உத்தரவாகத்தான் விழும்.

ஒரு விஷயத்துக்கு அவர்களைச் சம்மதிக்க வைக்க வேண்டுமானால் உற்சாகம் போதாது. டெஸ்டிங் முறையை மாற்ற வேண்டும் என்று நான் முதலில் பேசியபோது, இதனால் பாதி நேரம் மிச்சம் என்று முடிவைத் தூக்கி முன்னால் வைத்து நல்ல வேகமாகப் பேசினேன். பாதி என்று எப்படிக் கணக்குப் போட்டாய் என்று ஒருவர் கேட்டதோடு அது படுத்துவிட்டது. மூன்று மாதம் கழித்து அதையே மறுபடி கொண்டுபோனேன். எத்தனை டெஸ்ட், ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு நேரம், எங்கே தப்பாகலாம், எல்லாவற்றையும் வரிசையாக வைத்து, முடிவைக் கடைசியில் சொன்னேன். முக்கால் மணி நேரம் குடைந்தார்கள். என்னைப் பிடிக்காததால் கேட்கிறார்கள் என்று நினைத்து உள்ளங்கை வேர்த்தது. முடிந்ததும் எல்லோரும் விரல் முட்டியால் மேஜையைத் தட்டினார்கள். அங்கே அதுதான் கைதட்டல். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

அப்புறம் நம் ஆட்களைப் பற்றி. ஐந்து வருஷம் அங்கே இருந்துவிட்டு, சென்னை டீமோடு போனில் பேசும்போது குரலே மாறிப்போகிறவர்கள் நிறைய. தமிழ்ப் பிள்ளைகளிடமே இழுத்து இழுத்து இங்கிலீஷ், எல்லார் முன்னாலும் திட்டு, கேட்டால் "ஜெர்மனியில் இப்படித்தான் நேராகப் பேசுவோம்" என்பார்கள். எனக்கு இதைப் பார்த்தால் ஆறாது. அந்த ஊர்க்காரர்கள் வேலையைத்தான் குறை சொல்வார்கள், ஆளை அல்ல. இவர்கள் கற்றுக்கொண்டது பாதிதான். குளிர்காலத்தில் நேர வித்தியாசம் நாலரை மணி, அங்கே மத்தியானம் மூன்றரைக்கு போன் மீட்டிங் வைத்தால் இங்கே ராத்திரி எட்டு, அந்தப் பிள்ளைகள் ஓ.எம்.ஆரில் டிராஃபிக்கைத் தாண்டி வீடு போய்ச் சேர வேண்டும். அதை நினைத்துப் பார்த்தாவது குரலைத் தணிக்கலாம்.

"புரிஞ்சுதா" என்று கேட்டால் நம் பிள்ளைகள் "புரிஞ்சுது" என்றுதான் சொல்வார்கள். இதற்கு வழி எனக்கு ஜெர்மனியில் கிடைக்கவில்லை, எங்கள் வீட்டிலேயே இருந்தது. அப்பா ஐ.சி.எஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த பையன்கள் சாயங்காலம் குவார்ட்டர்ஸ் வாசலுக்கு வருவார்கள், அப்பா லுங்கியோடு திண்ணையில் உட்கார்ந்து மறுநாள் வேலையைச் சொல்வார். சொல்லி முடித்ததும் "இப்ப நீ எனக்குச் சொல்லு" என்பார். பையன் தடுமாறினால் கோபப்பட மாட்டார், "நான் சரியாச் சொல்லலை போல" என்று முதலிலிருந்து ஆரம்பிப்பார். சின்ன வயதில் ஜன்னலோரம் உட்கார்ந்து எத்தனை தடவை கேட்டிருக்கிறேன்.

அதைத்தான் பெருங்குடி டீமிடம் செய்தேன். தமிழில் பேசினேன், நீங்கள் எனக்குச் சொல்லுங்கள் என்றேன், முடியாது என்று சொன்னவர்களுக்கு நன்றி சொன்னேன். ஒரு வருஷம் பிடித்தது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஸ்டுட்கார்ட் ஸ்டேஷனில் ரயிலுக்கு நிற்கிறேன், டீமிலேயே வாய் திறக்காத பெண் போன் செய்து, "அக்கா, வெள்ளிக்கிழமைக்கு முடியாது, அடுத்த புதன்கிழமை கண்டிப்பா தர்றேன்" என்றாள். பிளாட்ஃபாரத்திலேயே நின்று மேனேஜருக்கு மெயில் போட்டேன். "நன்றி, புதன்கிழமை" என்று மட்டும் பதில் வந்தது.