தமிழ்நாட்டிலிருந்து திருகோணமலைக்குக் குடிபோனால் பிள்ளைகள் ஒட்டிக்கொள்வார்களா?

கேள்வி: கணவருக்குத் திருகோணமலையில் மூன்று வருட வேலை கிடைத்திருக்கிறது. மகனுக்கு 9 வயது, மகளுக்கு 5. அங்கேயும் தமிழ்தானே, துபாய், சிங்கப்பூர் மாதிரி சிரமம் இருக்காது என்கிறார்கள். உண்மையா?

பதில்:

எனக்கு ஊர் நாகப்பட்டினம். 2020 ஜனவரியில் கணவரின் வேலைக்காக இங்கே வந்தோம். உவர்மலையில் வாடகை வீடு. அப்போது பெரியவனுக்கு ஏழு வயது, சின்னவளுக்கு மூன்று. இரண்டு வருடம் என்று சொல்லி வந்தவர்கள் இன்னும் இங்கேதான் இருக்கிறோம்.

உங்களிடம் சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. பிள்ளைகள் ஒட்டிக்கொள்வார்கள், உங்களுக்கு முன்பே ஒட்டிக்கொள்வார்கள். ஆனால் 'மொழி ஒன்றுதானே' என்ற நினைப்பை மட்டும் ஊரிலேயே விட்டுவிட்டு வாருங்கள். துபாய்க்குப் போகிறவள் அந்நிய ஊருக்குப் போகிறோம் என்று மனதைத் தயார் செய்துகொண்டு போகிறாள். நாம் அத்தை வீட்டுக்குப் போகிற மாதிரி வந்து இறங்குகிறோம். என் முதல் வருடம் கஷ்டமாகப் போனதற்கு அதுதான் காரணம்.

வந்த புதிதில் கடைக்குப் போய் பிரெட் கேட்டால் 'பாணோ?' என்பார்கள். வேர்க்கடலை கச்சான். நோட்டு கொப்பி, ஸ்கேல் அடிமட்டம். இங்கே யாரும் பேசுவதில்லை, கதைக்கிறார்கள். புரிவதில்லை, விளங்குகிறது. 'சரியான வெயில்' என்றால் கடுமையான வெயில். இதெல்லாம் எனக்கு வேடிக்கையாக இருந்தது. பெரியவன் பத்தே நாளில் 'ஆமா'வை விட்டு 'ஓம்' என்று சொல்ல ஆரம்பித்தபோதுதான் எனக்குள் ஏதோ இறுகியது. வீட்டுக்குள் நம் தமிழ்தான் பேச வேண்டும் என்று கட்டளை போட்டேன்.

அந்தக் கட்டளை ஒரு கொப்பியில் போய் முட்டியது. பிள்ளைகள் படிப்பது ஆங்கில வழியில், தமிழ் ஒரு பாடம். ஒரு நாள் பெரியவனின் தமிழ்க் கொப்பியைத் திறந்தால் ரயர், ரின், ரிக்கற், பற்றரி என்று எழுதியிருந்தான். பக்கம் முழுக்க எழுத்துப்பிழை என்று நினைத்தேன். சிவப்புப் பேனாவை எடுத்து ஒவ்வொன்றையும் வெட்டி, மேலே டயர், டின், டிக்கெட், பேட்டரி என்று எழுதினேன். அதோடு விடாமல், கவனித்துத் திருத்தும்படி ஆசிரியைக்கு ஒரு வரியும் எழுதி அனுப்பினேன்.

மறுநாள் கூப்பிட்டனுப்பினார். கோபப்படவில்லை. பாடப் புத்தகத்தைத் திறந்து என் முன்னால் வைத்தார். "அம்மா, நாங்கள் இப்பிடித்தான் எழுதுறனாங்கள். ரெண்டு றகரம் சேர்ந்தால் எங்கட வாயில என்ன சத்தம் வருது எண்டு ஒருக்காக் கேளுங்கோ" என்று சொல்லி, 'வெற்றி', 'காற்று', 'பற்றரி' என்று மூன்றையும் நிதானமாகச் சொல்லிக் காட்டினார். நாம் 'வெற்றி' என்று சொல்லும்போது உள்ளே ஒரு ரகரம் உருளும். அவர் வாயில் அது இல்லை. நாக்கு நுனி மேல்பல்லுக்குப் பின்னால் போய் அழுத்தமாக ஒட்டி எடுத்தது. தமிழின் பழைய உச்சரிப்பு அதுதான் என்று மொழியியல் படித்தவர்கள் சொல்வார்கள். இத்தனை வருடம் தமிழ் பேசியும் அந்த ஓசையை நான் அன்றுதான் காது கொடுத்துக் கேட்டேன். பக்கத்தில் என் மகன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். வீட்டுக்கு வரும் வழியில், "அம்மா, இனிமே என் கொப்பியில எழுதாதீங்க" என்றான். அதற்குப் பிறகு எழுதவில்லை. தெரியாத சொல்லை அவனிடமே கேட்கத் தொடங்கினேன், வீடு இலகுவானது.

இது சொற்களோடு முடிகிற விஷயம் இல்லை. ஊரிலிருந்து வந்த எங்கள் உறவினர் ஒருவர், வந்த அன்றே பக்கத்து வீட்டு அம்மாவிடம், "சண்டை நடந்தப்போ நீங்க எங்க இருந்தீங்க?" என்று கேட்டுவிட்டார். நல்ல மனிதர், அக்கறையோடுதான் கேட்டார். அந்த அம்மா தேத்தண்ணிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார், வெகுநேரம் திரும்பி வரவில்லை. ஒரே மொழி என்பதாலேயே எதையும் கேட்டுவிடலாம் என்ற உரிமை நமக்கு வந்துவிடுகிறது. உங்கள் மகனுக்கு விவரம் தெரியும் வயது. அவர்களாகச் சொல்லும் வரை கேட்கக் கூடாது என்று சொல்லிக் கூட்டி வாருங்கள். 2004 டிசம்பர் 26 பற்றி மட்டும் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் யாரும் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. நாகையிலும் அதே கடல்தான் ஏறி வந்தது.

அப்புறம் மீன்பிடி. பெரியவன் ஐந்தாம் வகுப்பு படித்தபோது ஒரு நாள் பையைக்கூடக் கழற்றாமல் கேட்டான்: "நம்ம ஊர் படகெல்லாம் வந்து இவங்க வலையை அறுத்துட்டுப் போகுதாமே, நெசமாம்மா?" என் சித்தப்பா விசைப்படகில் போனவர். யாரைப் பிடித்தார்கள், எந்தப் படகு திரும்பவில்லை என்ற பேச்சைக் கேட்டே வளர்ந்தவள் நான். இந்தக் கரையில் வலையை இழந்தவன் வீட்டில் அன்று இரவு என்ன பேசியிருப்பார்கள் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. கடலடியை வாரிக்கொண்டு போகும் இழுவைமடி இங்கே 2017லேயே சட்டப்படி தடை செய்யப்பட்டுவிட்டது. நம் பக்கத்திலிருந்து எல்லை தாண்டி வரும் படகுகளில் பெரும்பாலானவை போடுவது அதைத்தான். மகனிடம் மழுப்பவில்லை. "ஓம், உண்மைதான்" என்றேன். சின்னத் தாத்தா ஏன் கடலுக்குப் போனார், கடன் எப்படி இருந்தது, இங்கே சின்னப் படகுக்காரருக்கு ஒரு வலை போனால் எத்தனை மாதம் போகும் என்று எனக்குத் தெரிந்ததை எல்லாம் சொன்னேன். மறுநாள் அவன் தன் வகுப்பில் என்ன சொன்னான் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்தப் பேச்சை எடுத்த பையன் அடுத்த வாரம் எங்கள் வீட்டுக்கு விளையாட வந்தான். உங்கள் மகனிடமும் இதை யாராவது ஒருவர் கேட்பார். பதிலை முன்கூட்டியே யோசித்து வையுங்கள்.

2022இல் இலங்கையில் வந்த பொருளாதார நெருக்கடியைப் பற்றி நிறைய கேள்விப்பட்டிருப்பீர்கள். மார்ச் மாதக் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம்கூட மின்சாரம் நின்றது. கேஸ் இல்லை, பால்மா இல்லை. எந்த நேரமும் ஊருக்குத் திரும்ப முடிகிற குடும்பம் நாங்கள், பக்கத்து வீட்டுக்கு அப்படி ஒரு வழி இல்லை. அவர்கள்தான் எங்களைக் கூப்பிட்டுத் தங்கள் கொல்லையில் விறகடுப்பு மூட்டித் தந்தார்கள். இரண்டு வீட்டுச் சோறும் ஒரே அடுப்பில் வெந்தது. சின்னவள் அந்த அம்மாவை அம்மம்மா என்று கூப்பிடத் தொடங்கியது அப்போதுதான்.

வெளிநாட்டில் இருக்கிறோம் என்பது எனக்கு முழுதாக உறைத்தது 2023 பிப்ரவரியில். அதிகாலை அண்ணன் போன் செய்தான். அப்பா போய்விட்டார். வரைபடத்தில் பார்த்தால் நாகைக்கும் திருகோணமலைக்கும் நேர்க்கோட்டில் 300 கிலோமீட்டர்கூட வராது. ஆனால் நான் போன பாதை வேறு: கொழும்பை அடுத்த கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு ஏழு மணி நேரம் வாகனத்தில், அங்கே விமானத்துக்காக இரவு முழுக்கக் காத்திருப்பு, திருச்சியில் இறங்கி மறுபடி கார். தெருமுனையில் இறங்கியபோது அப்பாவை எடுத்து மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. பந்தல் மட்டும் இருந்தது. கிளம்பும்போது இரண்டு பிள்ளைகளையும் வாங்கிக்கொண்டு பக்கத்து வீட்டு அம்மா சொன்னார்: "பிள்ளையள நான் பாத்துக்கொள்ளுறன். நீங்கள் ஆறுதலா வாங்கோ." இங்கே ஆறுதலாக என்றால் அவசரப்படாமல், மெதுவாக என்று பொருள். வழியெல்லாம் அந்தச் சொல் நமக்குத் தெரிந்த பொருளிலும்தான் என் காதில் இருந்தது. பதினாறு நாள் கழித்துத் திரும்பினேன். சின்னவளுக்குக் காய்ச்சல் வந்து போயிருந்ததை அப்போதுதான் சொன்னார்.

அந்த வருடம் அக்டோபரில் நாகைக்கும் யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறைக்கும் பயணிகள் கப்பல் தொடங்கினார்கள், நடுவில் நின்று 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடியது. கடலில் நாலு மணி நேரம்தான். மழைக்காலத்தில் அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். வயதான பெற்றோர் இருந்தால், அவசரத்துக்கு யார் எப்படிப் போவது, பிள்ளைகளை யார் பார்ப்பது என்று வந்த முதல் மாதமே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வதிவிட விசாவை வருடாவருடம் புதுப்பிக்க வேண்டும், அந்த வாரத்தில் வேறு வேலை வைத்துக்கொள்ளாதீர்கள். விடுமுறை பெரும்பாலும் ஏப்ரல், ஆகஸ்ட், டிசம்பரில் வரும். நம்மூர் மே மாத லீவு இங்கே கிடையாது, அதனால் பிள்ளைகளும் அவர்களின் அத்தை, மாமா பிள்ளைகளும் ஒன்றாக இருக்கக் கிடைப்பது சித்திரை வருடப்பிறப்பை ஒட்டிய சில நாள்தான். அதை விட்டுவிடாதீர்கள். சிங்களத்தைப் பயப்படாமல் படிக்க விடுங்கள். இந்த ஊரில் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் மூவரும் இருக்கிறார்கள், பெருநாளுக்கு எங்கள் வீட்டுக்கு வட்டிலப்பம் என்ற இனிப்பு வரும். கோட்டைக்குள்ளே புள்ளிமான்கள் ரோட்டோரமாக நிற்கும். அவற்றைத் தாண்டி மேலே ஏறினால் கோணேசர் கோயில். சம்பந்தர் பாடிய தலம் என்று நாம் தேவாரத்தில் படித்த இடத்துக்கு என் மகள் வெள்ளிக்கிழமைதோறும் மான் பார்க்கத்தான் வருகிறாள். பள்ளிவிட்ட பிறகு அவர்களுக்கு ஓடியாட இருக்கும் இடம் நான் சென்னையில் எந்த வீட்டிலும் பார்த்ததில்லை.

பேச்சு கலந்துபோவதைப் பற்றி நான் இப்போது கவலைப்படுவதில்லை. பெரியவன் ஊர் போனதும் தானாக 'ஆமா'வுக்கு மாறிக்கொள்கிறான். சின்னவள் மாறுவதில்லை, மாற்றச் சொல்லி நானும் கேட்பதில்லை. போனில் அவள் "ஓம் அம்மாச்சி, நான் சாப்பிட்டனான்" என்றால், ஆரம்பத்தில் என் அம்மா, "என்னடி சொல்லுது புள்ள?" என்று என்னைக் கேட்பார். இப்போது கேட்பதில்லை.

வீடு பார்ப்பதென்றால் உவர்மலை, உப்புவெளி இரண்டு பக்கமும் பாருங்கள். அக்டோபருக்கு முன் வந்துவிடுவது நல்லது. நம் பக்கத்து மழைதான் இங்கேயும், அதே மாதங்களில். கொட்டுகிற மழையில் புதுப் பள்ளிக்கூடத்தையும் புது வீட்டையும் சேர்த்துச் சமாளிப்பது சின்னப் பிள்ளைகளுக்குப் பாவம். வந்ததும் பக்கத்து வீட்டுக்கு நீங்களே முதலில் போங்கள், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு.