அடுக்ககச் சங்கக் கூட்டம் சண்டையில் முடியாமல் நடத்துவது எப்படி?

புதிதாகச் செயலாளர் ஆகியிருக்கிறீர்கள், ஒவ்வொரு பொதுக்குழுவும் கூச்சலில் கலைகிறது, என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். சென்னையில் ஒரு பழைய அடுக்ககத்தில் நானும் அந்தப் பொறுப்பில் இருந்தவன் என்பதால் சொல்கிறேன்: கூட்டத்தன்று நீங்கள் எவ்வளவு நயமாகப் பேசினாலும் பெரிய பலன் இருக்காது. அதற்கு முந்தைய வாரங்களில் என்ன செய்தீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

சண்டைகளில் முக்கால்வாசி பணத்தைப் பற்றியது. கார் பார்க்கிங்கில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்காரவைத்து, வருடக் கணக்கை அப்போதுதான் கையில் கொடுத்தால், கண்ணில் படுகிற முதல் பெரிய தொகையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டார்கள். அதனால் மாதாமாதம் ஒரே ஒரு பக்கம் போதும்: வசூல், செலவு, வங்கி இருப்பு, பாக்கி. நோட்டீஸ் போர்டிலும் ஒட்டுங்கள், வாட்ஸ்அப்பிலும் போடுங்கள். ‘இதர செலவு’ என்ற வரி மட்டும் வேண்டவே வேண்டாம். ஐநூறு ரூபாயாக இருந்தாலும் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

செலவு ஏன் ஏறியது என்பதையும் அதே தாளில் எழுதிவிடுங்கள். 2022 செப்டம்பரில் மின்கட்டணம் மாறியபோது பொது மீட்டருக்கு யூனிட் 8 ரூபாய் ஆனது. அடுத்த ஆண்டு அதை 5.50 ஆகக் குறைத்தார்கள். ஆனால் பத்து வீடு, மூன்று மாடிக்கு மேற்படாத, லிஃப்ட் இல்லாத குடியிருப்புகளுக்குத்தான் அந்தச் சலுகை. எங்களிடம் லிஃப்ட் உண்டு. இதை விளக்கி ஒட்டும்வரை, “எதிர் பில்டிங்கில் குறைந்திருக்கிறதே, நமக்கு மட்டும் ஏன் சார்?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

கோடையில் லாரித் தண்ணீர் இன்னொரு தலைவலி. அதற்கு வாட்ச்மேனிடம் ஒரு நோட்டு கொடுத்தோம். லாரி வந்ததும் சம்ப் (தரையடித் தொட்டி) மூடியைத் திறந்து, அளவு குறித்த பிவிசி குழாயை உள்ளே விட்டு, ஈரம் ஏறிய இடத்தைப் பார்த்து எழுதுவார். தண்ணீர் இறக்கியதும் மறுபடி அளவு எடுப்பார். பக்கத்தில் வண்டி எண், டிரைவர் கையெழுத்து. “இவ்வளவு லாரியா வந்தது?” என்று யாராவது ஆரம்பித்தால் நோட்டை நீட்டிவிடலாம்.

அப்புறம், அஜெண்டா. முடிவெடுக்க வேண்டிய விஷயம் மூன்றுக்கு மேல் வேண்டாம். ‘பெயின்டிங் பற்றி விவாதம்’ என்று போட்டால், கிரீமா சாம்பலா என்று பேசியே மதியச் சாப்பாட்டு நேரம் வந்துவிடும். ‘மூன்று கொட்டேஷன்களில் இரண்டாவதை ஏற்று, வீட்டுக்கு இவ்வளவு ரூபாயை இரண்டு தவணையில் வசூலிப்பது’ என்று தீர்மானமாகவே எழுதி, கொட்டேஷன் நகல்களோடு முன்னதாகவே கொடுங்கள். அன்று கை தூக்குவது மட்டும்தான் மிச்சம்.

மெயின்டனன்ஸ் சதுர அடிக்கா, வீட்டுக்கு ஒரே தொகையா என்ற பழைய வழக்கை ‘பிற விஷயங்கள்’ என்ற தலைப்பில் யாரும் எழுப்ப விடாதீர்கள். பைலாவில், அதாவது சங்கத்தின் விதிகளில், என்ன இருக்கிறதோ அதுதான் நடப்பு. மாற்ற வேண்டுமென்றால் முறைப்படி 21 நாள் நோட்டீஸ், சிறப்புத் தீர்மானம், வாக்களிக்க வந்தவர்களில் நான்கில் மூன்று பங்கு ஆதரவு, அதன்பின் பதிவாளரிடம் பதிவு என்று தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975 வழி சொல்கிறது. என்னைக் கேட்டால் வாட்ச்மேன், லிஃப்ட், துப்புரவுக்கு எல்லா வீடும் சமம். பெயின்டிங், மொட்டைமாடி ஒழுகல் போன்ற கட்டடச் செலவுக்கு யூடிஎஸ் விகிதம், அதாவது நிலத்தில் அவரவர் வீட்டுக்கு உள்ள பிரிக்கப்படாத பங்கின்படி. ஆனால் இரண்டு படுக்கையறை வீட்டுக்காரரும் மூன்று படுக்கையறை வீட்டுக்காரரும் இதில் ஒத்துப்போய் நான் பார்த்ததில்லை.

பாக்கி வைத்திருப்பவர் பெயரைக் கூட்டத்தில் வாசிக்காதீர்கள். மாதக் கணக்கில் வீட்டு எண்ணும் தொகையும் இருந்தால் போதும். முதலில் நேரில் போய்க் கேளுங்கள், பிறகு கடிதம், அதற்குப் பிறகு வக்கீல் நோட்டீஸ். கோபத்தில் தண்ணீர் இணைப்பை மூடச் சொல்பவர் எல்லாச் சங்கத்திலும் ஒருவர் இருப்பார். அவர் பேச்சைக் கேட்டால் பாக்கிக்காரர் பாதிக்கப்பட்டவராகி, நீங்கள் போலீஸ் ஸ்டேஷனில் பதில் சொல்லிக்கொண்டிருப்பீர்கள்.

வாட்ஸ்அப் குழுவில் தகவல் மட்டும். “எல்லாரும் தம்ஸ்அப் போட்டார்களே” என்பது தீர்மானம் ஆகாது. துபாயிலும் அமெரிக்காவிலும் இருக்கும் உரிமையாளர்கள் வீடியோவில் சேர்ந்து கேட்கட்டும். அவர்கள் சார்பில் வேறொருவர் வாக்களிக்கலாமா என்பதை முன்பே பைலாவில் பார்த்துவையுங்கள். வாடகைக்கு இருப்பவர்களையும் கூப்பிடுங்கள். வாக்கு இல்லாவிட்டாலும், லிஃப்ட் எந்த மாடியில் நிற்கிறது, எந்தக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும்.

கடைசியாக, மினிட்ஸ் எனும் கூட்டக் குறிப்பு. வீட்டுக்குப் போய் நிதானமாக எழுதலாம் என்று கிளம்பிவிடாதீர்கள். மறுநாள் “நான் அப்படிச் சொல்லவே இல்லையே” என்பார்கள். ஒவ்வொரு தீர்மானத்தையும் அங்கேயே எழுதி, சத்தமாக வாசித்து, எதிர்த்தவர் பெயரையும் அவர் கேட்டால் சேர்த்து, புத்தகத்தில் கையெழுத்து வாங்குங்கள். காபியும் சமோசாவும் அதற்கு அப்புறம்தான். முதலிலேயே கொடுத்துவிட்டால் கையெழுத்துப் போட ஆள் இருக்காது.