ஜெர்மனியில் ஆறு மாத இன்டர்ன்ஷிப்: கிளம்புவதற்கு முன் வரும் கேள்விகள்

அக்டோபரில் ஜெர்மன் கம்பெனிகளில் இன்டர்ன்ஷிப் தொடங்கப்போகும் பிள்ளைகளும் அவர்கள் வீட்டாரும் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். நானும் ஸ்டுட்கார்ட் பக்கம் ஒரு வருடம் பிராக்டிகன்ட்டாக இருந்தவள்தான். அங்கே இன்டர்ன்களை அப்படித்தான் அழைப்பார்கள். திரும்பி வந்ததிலிருந்து மாணவர்களைத் தயார்செய்து அனுப்பும் வேலையைச் செய்கிறேன். விசாவுக்காகத் தவித்தவர்களைவிட, விசா கையில் கிடைத்துப் போய் இறங்கிய பிறகு பதிவுசெய்ய ஒரு முகவரி இல்லாமல் தவித்தவர்களையே அதிகம் பார்த்திருக்கிறேன். அதனால் வீட்டைப் பற்றிய பதில் மட்டும் கொஞ்சம் நீளமாக இருக்கும்.

ஆஃபர் லெட்டர் வந்துவிட்டது. சீக்கிரம் கிடைக்கும் டூரிஸ்ட் விசாவில் போய், அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்கிறான் நண்பன். சரியா? (மெக்கானிக்கல், மூன்றாம் ஆண்டு, கோவை)

சரியில்லை. டூரிஸ்ட் விசாவில் வேலை செய்யக்கூடாது. அங்கே போய் அதை இன்டர்ன்ஷிப் விசாவாக மாற்றவும் முடியாது. உங்களுக்குத் தேவை 'டி' வகை நேஷனல் விசா. கட்டணம் 75 யூரோ.

இதில் இரண்டு வழிகள் உண்டு. வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் மாணவர் நான்கு செமஸ்டர் முடித்திருந்தால், தன் படிப்போடு தொடர்புள்ள இன்டர்ன்ஷிப்பை ஒரு வருடம் வரை செய்யலாம். இதற்கு ஜெர்மன் வேலைவாய்ப்புத் துறையின் ஒப்புதல் வேண்டும். அந்த ஒப்புதலை வழக்கமாக வாங்கித் தருவது கம்பெனிதான், நீங்கள் அல்ல. ஆஃபர் வந்த அன்றே ஹெச்.ஆருக்கு, "ஒப்புதலுக்கு விண்ணப்பித்துவிட்டீர்களா?" என்று ஒரு மெயில் அனுப்புங்கள். இரண்டாவது வழி ஐரோப்பிய யூனியன் விதிப்படி வருவது. அதில் அதிகபட்சம் ஆறு மாதம்தான், ஆனால் பட்டம் வாங்கி இரண்டு வருடத்துக்குள் இருப்பவர்களும் போகலாம். நீங்கள் மூன்றாம் ஆண்டில் இருப்பதால் முதல் வழியே போதும்.

குறைந்தது மூன்று மாதம் கையில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள். முன்பெல்லாம் விசா மறுக்கப்பட்டால் தூதரகத்துக்கே மறுபரிசீலனைக் கடிதம் எழுதலாம். 2025 ஜூலை 1 முதல் அந்த வசதி இல்லை. மறுபடி முதலிலிருந்து விண்ணப்பிக்க வேண்டும், இல்லையென்றால் பெர்லின் கோர்ட்டுக்குப் போக வேண்டும். ஒரு பேப்பர் குறைந்தாலும் மாதக்கணக்கில் தள்ளிப்போகும் என்பதை மனதில் வைத்து ஃபைலை அடுக்குங்கள்.

எனக்கு மாதம் 900 யூரோ. அதே ஊரில் வேறு கம்பெனிக்குப் போகும் சீனியருக்கு 2,000 யூரோவுக்கு மேல். பேரம் பேசலாமா? (எம்.டெக் மாணவி, திருச்சி)

முதலில் காரணத்தைப் புரிந்துகொள்ளுங்கள். ஜெர்மனியில் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி 2026 ஜனவரி முதல் மணிக்கு 13.90 யூரோ. பாடத்திட்டத்தில் கட்டாயமாக இருக்கும் இன்டர்ன்ஷிப்புக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. விருப்பத்தின் பேரில் செய்வது மூன்று மாதத்துக்கு மேல் போனால் பொருந்தும். உங்கள் கல்லூரி 'கட்டாயம்' என்று கடிதம் கொடுத்திருக்கும், சீனியருடையது விருப்ப இன்டர்ன்ஷிப்பாக இருக்கும்.

தொகையைப் பற்றிக் கேட்பதில் தவறில்லை. வீட்டு வாடகைக்கு உதவி உண்டா, கம்பெனி விடுதி உண்டா என்று கேட்டால் பலன் கிடைக்க வாய்ப்பு அதிகம். ஆனால் இன்டர்ன்ஷிப்பின் வகையை மாற்றிக் காட்டக் கல்லூரியில் பொய்க் கடிதம் மட்டும் வாங்காதீர்கள். அதே கடிதம்தான் விசா ஃபைலுக்கும் போகிறது.

900 யூரோ செலவுக்குப் பற்றாது என்று தூதரகம் நினைத்தால், மீதிக்கு ஆதாரம் கேட்கும். முன்கூட்டியே பணம் போட்டுவைத்து, மாதம் ஒரு குறிப்பிட்ட தொகையை மட்டுமே எடுக்கக்கூடிய பிளாக்டு அக்கவுன்ட் அதற்குத்தான். மாணவர் விசாவுக்கு 2024 செப்டம்பர் முதல் மாதம் 992 யூரோ என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். இன்டர்ன் விசாவுக்கு எவ்வளவு என்பதைத் தூதரகத்தின் செக்லிஸ்ட்டில் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். முனிச்சுக்குப் போகிறீர்கள் என்றால், தூதரகம் என்ன கேட்டாலும் உங்கள் கையில் அதற்கு மேலேயே இருக்கட்டும். அந்த ஊரின் வாடகை அப்படி.

போய் இறங்கி, ஹாஸ்டலில் ஒரு வாரம் தங்கி வீடு தேடிக்கொள்ளலாம் என்று இருக்கிறேன். போதுமா? (கணினி அறிவியல், இறுதியாண்டு, மதுரை)

போதாது தம்பி. இந்த ஒரு விஷயத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன்.

ஜெர்மனியில் எல்லாம் முகவரியில்தான் தொடங்கும். வீட்டில் குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிவுசெய்ய வேண்டும். இதை 'அன்மெல்டுங்' என்பார்கள். அதற்கு, 'இவர் என் வீட்டில் குடியிருக்கிறார்' என்று வீட்டுக்காரர் கையெழுத்திட்ட ஒரு படிவம் தேவை. பதிவு முடிந்தால்தான் வரி அடையாள எண் தபாலில் வரும். அந்த எண் இல்லாவிட்டால், கம்பெனி உங்களை அதிக வரி பிடிக்கும் ஆறாம் வகுப்பில் போட்டுவிடலாம். எனக்கு நடந்தது அதுதான். முதலில் கிடைத்த அறையின் உரிமையாளர் படிவம் தர மாட்டேன் என்றுவிட்டார். ஏழு வாரம் பதிவு இல்லாமல் இருந்தேன். முதல் சம்பளத்தில் பாதிக்குக் கிட்டே வரியாகவும் பிடித்தமாகவும் போனது. அடுத்த வருடம் வரி ரிட்டர்ன் போட்டுத்தான் அந்தப் பணம் திரும்பி வந்தது. அதுவரை ஊரிலிருந்து அப்பா அனுப்பிய பணத்தில்தான் ஓட்டினேன். வேலைக்குப் போய்க்கொண்டே வீட்டில் பணம் கேட்பது எவ்வளவு சங்கடம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அதனால் அறை தேடும்போது வாடகைக்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி, "அன்மெல்டுங் செய்ய முடியுமா?" முடியாது என்றால், எவ்வளவு மலிவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். படிவம் தருவது வீட்டுக்காரரின் சட்டக் கடமை. தர மறுக்கிறார் என்றால் அதற்குப் பின்னால் ஏதோ இருக்கிறது.

எங்கே தேடுவது? ஆறு மாதத்துக்கு நல்லது 'ட்ஸ்விஷன்மீட்டெ'. வெளியூரோ வெளிநாடோ போகும் மாணவர் தன் அறையைச் சாமான்களோடு சில மாதங்களுக்கு விட்டுப்போவது இது. முழு வீடு எடுக்க நினைக்காதீர்கள். சாமான் இல்லாத வீடு என்றால் பல இடங்களில் அடுப்பும் பாத்திரம் கழுவும் தொட்டியும்கூட இருக்காது, சுவரிலிருந்து குழாய் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். சிலர் சேர்ந்து ஆளுக்கொரு அறையாக இருக்கும் பங்கு வீடுகளுக்கு 'வேகே-கெசுக்ட்' தளத்தைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். உங்களுக்கு முன் அந்தக் கம்பெனியில் இருந்த இன்டர்ன் யார் என்று ஹெச்.ஆரிடம் கேளுங்கள். அவர் காலிசெய்யும் அறையே உங்களுக்குக் கிடைக்கலாம். நான் அனுப்பிய பிள்ளைகளில் பலருக்கு இப்படித்தான் அறை கிடைத்தது.

விளம்பரத்தில் 'கால்ட்மீட்டெ' என்றால் வெறும் வாடகை. 'வார்ம்மீட்டெ' என்றால் ஹீட்டிங், தண்ணீர் போன்றவையும் சேர்ந்தது. இரண்டாவதைப் பார்த்துக் கணக்குப் போடுங்கள். டெபாசிட் மூன்று மாத வெறும் வாடகைக்கு மேல் கேட்கச் சட்டத்தில் இடமில்லை.

ஏமாற்றுக்காரர்கள் சொல்லும் கதை எப்போதும் ஒன்றுதான்: "நான் இப்போது லண்டனில் இருக்கிறேன், டெபாசிட்டை அனுப்புங்கள், சாவியைத் தபாலில் அனுப்புகிறேன்." கூடவே பாஸ்போர்ட் நகலும் அனுப்புவார்கள். அது வேறு யாரோ ஏமாந்தவருடைய பாஸ்போர்ட். வீடியோ காலில் அறையைக் காட்டச் சொல்லுங்கள், ஜன்னலுக்கு வெளியே தெருவையும் காட்டச் சொல்லுங்கள். தயங்கினால் பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

பதிவுக்கான அப்பாயின்ட்மென்ட்டை இங்கிருந்தே ஆன்லைனில் போட்டுவிடுங்கள். பெரிய ஊர்களில் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டிவரும். போன முதல் நாளே தபால்பெட்டியில் உங்கள் பெயரை எழுதி ஒட்டுங்கள். பெயர் இல்லாத பெட்டியில் தபால்காரர் எதையும் போட மாட்டார். வரி எண், வங்கி அட்டை, காப்பீட்டு அட்டை எல்லாம் தபாலில்தான் வரும்.

மகன் முதல் முறையாகத் தனியாகப் போகிறான். ஊறுகாய், நெய், கருவேப்பிலை, மிக்ஸி, குக்கர் எல்லாம் கொடுத்தனுப்பலாமா? (ஓர் அம்மா, நாகர்கோவில்)

அம்மா, நெய்யும் பால்கோவாவும் வேண்டாம். ஐரோப்பிய யூனியனுக்கு வெளியிலிருந்து பயணிகள் பால் பொருளோ இறைச்சியோ கொண்டுவரக் கூடாது. கண்டால் எடுத்துப் போட்டுவிடுவார்கள். நெய்க்குக் கவலைப்படாதீர்கள். அங்கே சூப்பர் மார்க்கெட்டில் 'புட்டர்ஷ்மால்ட்ஸ்' என்று விற்பது உருக்கிய வெண்ணெய்தான். பச்சைக் கருவேப்பிலைக்குத் தாவர நலச் சான்றிதழ் வேண்டும், அதனால் காயவைத்துப் பொடியாக்கிக் கொடுங்கள். சாம்பார் பொடி, இட்லிப் பொடி, புளி, எண்ணெய் கசியாமல் கட்டிய ஊறுகாய் எல்லாம் தாராளமாகப் போகலாம். மீனுக்குத் தடை இல்லை. குடல் நீக்கிக் காயவைத்த கருவாடும் அதில் சேரும். ஆனால் பங்கு வீட்டில் அதை வறுத்தால் மற்றவர்கள் என்ன சொல்வார்களோ, அதை மகனே முடிவுசெய்யட்டும்.

மிக்ஸி வேலை செய்யும், இரண்டு நாட்டிலும் 230 வோல்ட்தான். பிளக் மட்டும் வேறு. எர்த் இணைப்புள்ள அடாப்டர் வாங்கிக் கொடுங்கள். குக்கர் வாங்கும் முன் அங்கே என்ன அடுப்பு என்று கேட்கச் சொல்லுங்கள். கண்ணாடி மேற்பரப்புள்ள சாதாரண மின்னடுப்பில் அலுமினியக் குக்கர் சூடாகும், இன்டக்‌ஷனில் சூடாகாது. இன்டக்‌ஷனுக்கும் பொருந்தும் அடி கொண்ட ஸ்டீல் குக்கர், மூன்று லிட்டரில் ஒன்று போதும். குளிரில் மாவு புளிக்காது. ஓவனைச் சூடாக்காமல் உள்விளக்கை மட்டும் எரியவிட்டு மாவை இரவு முழுக்க உள்ளே வைத்தால் பொங்கிவிடும்.

கனமான கோட் இங்கே வாங்காதீர்கள். அங்கத்திய குளிருக்கு அங்கே விற்பதுதான் தாங்கும், பழையதாக வாங்கினால் விலையும் குறைவு.

தினமும் தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறேன். ஆறு மாதத்துக்கும் எடுத்துப்போகலாமா? (பயோடெக் மாணவி, வேலூர்)

சொந்த உபயோகத்துக்குச் சுமார் மூன்று மாத அளவுதான் எடுத்துப்போகலாம். மருந்தின் வேதிப்பெயர் எழுதிய சீட்டை ஆங்கிலத்தில் வாங்கி, மாத்திரையை அதன் அட்டையோடு வையுங்கள். மூன்றாம் மாதம் முடிவதற்குள் அங்கே ஒரு குடும்ப டாக்டரைப் பார்த்துச் சீட்டு வாங்கிவிடுங்கள். ஆன்டிபயாடிக் எதுவும் சீட்டு இல்லாமல் கிடைக்காது. இரவில் உடம்பு சரியில்லை, ஆனால் உயிருக்கு ஆபத்தில்லை என்றால் 116117 என்ற எண்ணுக்குக் கூப்பிடுங்கள். ஆபத்து என்றால் 112. வேலை தொடங்கும் நாளிலிருந்து எந்தக் காப்பீடு என்பதை ஹெச்.ஆரிடம் எழுத்தில் வாங்குங்கள். விசாவுக்காக எடுத்த டிராவல் இன்ஷூரன்ஸை நம்பி ஆறு மாதத்தையும் ஓட்டாதீர்கள்.

ஒரு ஏஜென்ட், 'ஜெர்மனியில் பெய்டு இன்டர்ன்ஷிப் கேரன்டி' என்று மூன்று லட்சம் கேட்கிறார். (ஓர் அப்பா, சேலம்)

கொடுக்காதீர்கள் ஐயா. உண்மையான கம்பெனி தன் இணையதளத்தில் விளம்பரம் போடுகிறது, பையனை நேரடியாக இன்டர்வியூ செய்கிறது, ஒப்பந்தத்தையும் நேராக அவனுக்கே அனுப்புகிறது. இடையில் யாருக்கும் வேலை இல்லை. வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பவர் இந்திய அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். அப்படிப் பதிவு பெற்றவரே 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம். அரசின் இ-மைக்ரேட் தளத்தில் அவர் பெயரைத் தேடிப் பாருங்கள். ஏற்கெனவே முன்பணம் கொடுத்திருந்தால் ரசீதோடு போலீசில் புகார் கொடுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

அலுவலகத்தில் ஆங்கிலம்தான் என்கிறார்கள். ஜெர்மன் படித்தே ஆக வேண்டுமா?

அலுவலகத்துக்கு வேண்டாம். வீட்டுக்காரருக்கும் நகராட்சி அலுவலகத்துக்கும் வேண்டும். ஏ1 என்ற ஆரம்ப நிலை வரை படித்துப் போங்கள். சென்னையில் இருப்பவர்களுக்கு நுங்கம்பாக்கத்தில் ஜெர்மன் கற்றுத்தரும் மாக்ஸ் முல்லர் பவன் இருக்கிறது.

இந்திய சிம்மை என்ன செய்வது?

சரண்டர் செய்யாதீர்கள். உங்கள் பேங்க் ஓ.டி.பி. எல்லாம் அந்த எண்ணுக்குத்தான் வரும். இங்கே இருக்கும்போதே இன்டர்நேஷனல் ரோமிங்கை ஆன் செய்து, வேலிடிட்டி தீராமல் ரீசார்ஜ் செய்யும் பொறுப்பை வீட்டில் ஒருவரிடம் கொடுங்கள்.

நவம்பரில் எல்லோரும் மனம் சோர்ந்துபோவதாகச் சொல்கிறார்கள். பயமாக இருக்கிறது. (எலெக்ட்ரானிக்ஸ் மாணவி, தூத்துக்குடி)

பயம் நியாயம்தான். டிசம்பரில் பெர்லினில் எட்டு மணிக்கு மேல் விடிந்து, நான்கு மணிக்குள் இருட்டிவிடும். வேலைக்குப் போவதும் வருவதும் இருட்டில். ஞாயிற்றுக்கிழமை கடைகளும் கிடையாது. மதிய இடைவேளையில் கட்டாயம் வெளியே நடங்கள், இதை நான் விளையாட்டாகச் சொல்லவில்லை. குளிர்காலத்தில் ஊருக்கும் அங்குக்கும் நாலரை மணி நேர வித்தியாசம். சாயங்காலம் ஐந்தரைக்கு வேலை முடிந்து நீங்கள் கூப்பிடும்போது அம்மாவுக்கு இரவு பத்து மணி. காலையில் பஸ்ஸில் போகும்போது பேசப் பழகிக்கொள்ளுங்கள்.

பெரிய ஊர்கள் பலவற்றில் ஈழத்தமிழர் நடத்தும் கடைகள் உண்டு. அரிசிக்காகப் போனாலும் தமிழில் நாலு வார்த்தை பேசிவிட்டு வரலாம். ஹம் நகரத்துக் காமாட்சி அம்மன் கோவிலையும் அவர்கள்தான் கட்டினார்கள். 2002இல் குடமுழுக்கு நடந்தது, கோபுரத்தோடு நம்மூர்க் கோவில் போலவே இருக்கும். 'டாய்ச்லாண்ட் டிக்கெட்' என்ற மாதப் பாஸில் உள்ளூர் ரயில்களிலேயே போய்விடலாம். 2026 ஜனவரி முதல் அதன் விலை 63 யூரோ.

முடித்துத் திரும்பும்போது என்னென்ன செய்ய வேண்டும்?

கிளம்புவதற்கு முன்பே இதைக் கேட்டது நல்லது. கடைசி மாதம் தொடங்கும்போதே மேலாளரிடம் இன்டர்ன்ஷிப் சான்றிதழ் கேளுங்கள். நீங்கள் செய்த வேலைகளை விரிவாக எழுதச் சொல்லுங்கள், வெறும் தேதிச் சான்றிதழால் பயன் குறைவு. மாதப் பாஸை நிறுத்துவது என்றால் அந்த மாதம் 10ஆம் தேதிக்குள் சொல்ல வேண்டும், தவறினால் அடுத்த மாதத்துக்கும் பிடித்துவிடுவார்கள். அறையைக் காலிசெய்யும் வாரத்தில் நகராட்சியில் முகவரிப் பதிவை நீக்குங்கள். அந்தத் தாளைப் பத்திரமாக வையுங்கள், டிவி, ரேடியோவுக்காக ஒவ்வொரு வீடும் கட்டும் ஒலிபரப்புக் கட்டணத்தை நிறுத்தவும் அது வேண்டும். அந்தக் கட்டணம் வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ.

சம்பளத்தில் வருமான வரி பிடித்திருந்தால் ஊருக்கு வந்த பிறகும் நான்கு ஆண்டுகள் வரை ரிட்டர்ன் போட்டுத் திரும்பக் கேட்கலாம். வங்கிக் கணக்கை மட்டும் அவசரப்பட்டு மூடாதீர்கள். வீட்டுக்காரர் டெபாசிட்டைத் திருப்பித்தர சில மாதங்கள் எடுத்துக்கொள்வார், அந்தப் பணம் வந்துசேர ஒரு கணக்கு வேண்டும்.