ஒன்றரை மடங்கு வேகம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். கோவையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். வாரத்துக்கு மூன்று நான்கு படங்களாவது பார்த்துவிடுவேன். பார்த்ததும் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இரண்டு வரி எழுதிப் போடுவது வழக்கம். அண்மையில் எழுதியவை இவை:

‘மகாராஜா’: அருமை. முடிவை எதிர்பார்க்கவே இல்லை. ஐந்துக்கு நான்கு.

‘மெய்யழகன்’: இழுவை. ஒருமுறை பார்க்கலாம். இரண்டரை.

‘கொட்டுக்காளி’: ஆட்டோ போகிறது, போகிறது, போய்க்கொண்டே இருக்கிறது. ஒன்றரை மடங்கு வேகத்தில் வைத்துப் பார்த்தும் தாங்கவில்லை. ஒன்று.

‘மெய்யழகன்’ பற்றி எழுதியதுதான் வீட்டில் பிரச்சினையாகிவிட்டது. அந்தப் படத்துக்கு அப்பாவையும் அழைத்துப் போயிருந்தேன். அவர் பல இடங்களில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். குழுவில் நான் எழுதியதைப் படித்துவிட்டு அவர் ஒன்றும் சொல்லவில்லை. சித்தப்பாதான், “சினிமாவைப் பற்றி உனக்கு என்ன தெரியும்? கருத்துச் சொல்ல ஒரு தகுதி வேண்டாமா?” என்று கேட்டுவிட்டார். இரண்டு நாள் வாக்குவாதம்.

நான் கேட்க விரும்புவது இதுதான். சாதாரண ரசிகன் பார்த்த படத்தைப் பற்றிச் சும்மா ஓர் அபிப்பிராயம் சொல்ல ஏதாவது தகுதி வேண்டுமா? முதல் நாளே விமர்சனம் சொல்பவர்களால்தான் படங்கள் தோற்கின்றன என்கிறார்களே, உண்மையா? கதையைச் சொல்லிவிடுவது தவறா?

அன்புடன்,
எஸ்.

அன்புள்ள எஸ்.,

தகுதி எதுவும் வேண்டாம். டிக்கெட் எடுத்தவர் யாரும் பேசலாம், எடுக்காமல் வீட்டில் உட்கார்ந்து பார்த்தவரும் பேசலாம். டீக்கடை பெஞ்சிலும் திண்ணையிலும் பேசிப் பேசித்தான் நம் ஊரில் சினிமா வளர்ந்தது. உங்கள் சித்தப்பாவிடம் நான் சொன்னதாகவே சொல்லிவிடுங்கள்.

முதல் நாள் விமர்சனம் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். 2024 நவம்பரில் தயாரிப்பாளர் சங்கம் ஒன்று, திரையரங்க வளாகத்துக்குள் யூடியூப்காரர்கள் ரசிகர்களிடம் கருத்துக் கேட்க இடம் கொடுக்காதீர்கள் என்று திரையரங்குகளைக் கேட்டுக்கொண்டது. அதனால் எந்தப் படமும் பிழைக்கப் போவதில்லை. ‘அன்பே சிவம்’ 2003 பொங்கலுக்கு வந்தபோது யூடியூப் என்ற ஒன்றே கிடையாது. அப்போதும் அது ஓடவில்லை. இன்று அதைக் கொண்டாடாத ஆளில்லை. இந்தப் பேச்சில் எனக்கு அதற்கு மேல் ஆர்வமில்லை. மதிப்பெண்ணிலும் இல்லை.

என்னைப் பிடித்து நிறுத்தியது நீங்கள் போகிற போக்கில் எழுதிய வேறொன்று. ஒன்றரை மடங்கு வேகம். சில மாதங்களாகவே இது என்னை அரித்துக்கொண்டிருக்கிறது. நாகர்கோவில் ரயிலில் பக்கத்து இருக்கைப் பெண் ஒரு பழைய படத்தைச் செல்பேசியில் இப்படித்தான் ஓட்டிப் பார்த்துக்கொண்டு வந்தாள். படத்தில் ஒரு கிழவர் மருத்துவமனை நடைக்கூடத்தில் நடந்து வருகிறார். மகனின் சாவுச் செய்தியைக் கேட்கப் போகிற மனிதர் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவரைப்போல வந்து நின்றார். அந்தப் பெண் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. அவளைக் குறை சொல்லி என்ன பயன்? அழுவதற்கு அவளுக்கு நேரமே கொடுக்கப்படவில்லை.

இது எப்படி நடக்கிறது என்று பாருங்கள். வேகத்தைக் கூட்டினால் குரல் கீச்சிட வேண்டும். பழைய டேப் ரெக்கார்டரில் அப்படித்தான் ஆகும், உடனே தெரிந்துவிடும். இன்றைய செயலிகள் குரலின் சுருதியை மட்டும் பழைய இடத்தில் பிடித்து வைத்துவிடுகின்றன. வசனம் புரிகிறது, கதை புரிகிறது, ஆகவே படத்தைப் பார்த்துவிட்டோம் என்று நினைத்துக்கொள்கிறோம். ஆனால் நடை, மூச்சு, இமை மூடித் திறப்பது, ஒரு கேள்விக்கும் பதிலுக்கும் நடுவிலுள்ள தயக்கம் இவற்றையெல்லாம் எந்தச் செயலியாலும் சரிசெய்ய முடியாது. நடிகர் ஐந்து நொடி பேசாமல் நின்றார் என்றால் அந்த ஐந்து நொடிக்குத்தான் அவர் உழைத்திருக்கிறார். எங்கே வெட்டுவது என்று படத்தொகுப்பாளர் இரவெல்லாம் விழித்திருந்து தேர்ந்ததும் அந்த இடத்தைத்தான்.

அதிலும் நீங்கள் வேகத்தைக் கூட்டியது எந்தப் படத்துக்கு? ‘கொட்டுக்காளி’க்கு! பின்னணி இசை என்பதே இல்லாத படம். வண்டியின் இரைச்சலும், காற்றும், மனிதர்கள் சும்மா இருக்கும் நேரமும்தான் அதன் இசை. சுமார் 100 நிமிடப் படம் உங்களுக்கு அறுபத்தேழு நிமிடத்தில் முடிந்திருக்கும். மிச்சம் பிடித்த முப்பத்து மூன்று நிமிடத்தில் என்ன செய்தீர்கள்? கோபமாகத்தான் கேட்கிறேன்.

ஆட்டோ போய்க்கொண்டே இருக்கிறது என்கிறீர்கள். ஆட்டோவுக்குள் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாளே, அவளைப் பார்த்தீர்களா? மீனா படம் முழுக்க ஏறக்குறைய பேசுவதே இல்லை. வேறு சாதிப் பையன்மேல் மனம் வைத்துவிட்டாள் என்பதற்காக, அவளுக்கு ஏதோ பிடித்திருக்கிறது என்று சொல்லி, பேயோட்ட அழைத்துப் போகிறது குடும்பம். வழியில் ஒலிபெருக்கியில் ஒரு பாட்டு வருகிறது. அதை அவள் வாய்க்குள்ளே முணுமுணுக்கிறாள். உதடு அசைவது மட்டும்தான் தெரியும். அவளைக் கட்டிக்கொள்ளப் போகிற பாண்டி அதைக் கண்டுவிடுகிறான். அவ்வளவுதான், பிறகு விழுகிற அடியில் பெண்டுபிள்ளை என்ற பேதமே இல்லை. அந்த உதட்டசைவைத் தவறவிட்டவருக்கு அடிதடி எதற்கென்றே புரியாது. ஒன்றரை மடங்கில் அந்த முணுமுணுப்பு எத்தனை நேரம் நின்றிருக்கும்?

காளை வருகிற இடத்தைச் சொல்லுங்கள். நடுவழியில் ஒரு காளை மறித்துக்கொண்டு நிற்கிறது. ஒரு பெண்ணை அடக்கப் புறப்பட்ட அத்தனை ஆண்களும் ஒரு மாட்டின் முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார்கள். கடைசியில் ஒரு சிறுமி வருகிறாள். சாதாரணமாக அதைக் கூட்டிக்கொண்டு போய்விடுகிறாள். இந்த இடம் வேலை செய்வதற்கு அந்த ஆண்கள் நிற்க வேண்டும், எஸ். நமக்கு அலுப்புத் தட்டும் அளவுக்கு நிற்க வேண்டும். அப்போதுதான் அந்தச் சிறுமி நடந்து வருகிற நடைக்கு அர்த்தம் கிடைக்கிறது. நீங்கள் அவர்களை நிற்கவே விடவில்லை.

படத்தைப் பிடிக்காமல் போவது உங்கள் உரிமை. அதன் முடிவு எனக்கே முழு நிறைவைத் தரவில்லை. பாண்டி என்ன செய்யப் போகிறான் என்பதை நம் கையில் விட்டுவிட்டு இயக்குநர் விலகிக்கொண்டது கொஞ்சம் வசதியான வழி என்றே நினைக்கிறேன். ஆனால் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். ஓட்டிவிட்டுச் சொல்லாதீர்கள்.

இரண்டு வரி அபிப்பிராயம்தானே, யாருக்கு என்ன நஷ்டம் என்று நீங்கள் கேட்கலாம். ‘மெய்யழகன்’ 2024 செப்டம்பர் 27 அன்று வந்தது. ஏறக்குறைய மூன்று மணி நேரம். இழுவை, இழுவை என்று எல்லாப் பக்கமும் ஒரே குரல். சில நாட்களிலேயே சுமார் 18 நிமிடங்களை வெட்டிவிட்டார்கள், இயக்குநரே செய்தார். உங்களைப் போல ஆயிரக்கணக்கானவர்கள் சும்மா எழுதிப் போட்ட அந்த ஒற்றைச் சொல்தான் கத்தரியாயிற்று. நான் சிறுவனாக இருந்தபோது கொட்டகையில் இரண்டாம் ஆட்டத்துக்குப் பாட்டை வெட்டி ஓட்டினால் தரை டிக்கெட்காரர்கள் எழுந்து கத்துவார்கள். கொடுத்த காசுக்கு முழுப் படத்தையும் காட்டு என்று சண்டை போடுவார்கள். இன்று காசு கொடுத்தவரே வெட்டச் சொல்கிறார்.

எங்கள் பெரியம்மை இதைக் கேட்டிருந்தால் நம்பியிருக்க மாட்டாள்.

ஆலங்குளம் பக்கம் எங்கள் ஊரில் அன்று பெண்கள் எல்லோரும் பீடி சுற்றினார்கள். சாயங்காலம் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஏழெட்டுப் பேர் மடியில் சுளகோடு உட்கார்ந்துவிடுவார்கள். ஈரச்சாக்கில் சுற்றிவைத்த இலையை எடுத்து, தகட்டை வைத்து அளவாக வெட்டி, தூளைப் பரப்பிச் சுருட்டி, முனையை மடக்கி நூலால் கட்ட வேண்டும். கை அதுபாட்டுக்கு ஓடும். காது சும்மாதானே இருக்கிறது? பெரியம்மை கதை சொல்வாள். பக்கத்து ஊர் டூரிங் டாக்கீஸுக்குப் படம் மாறினால் முதலில் போகிறவள் அவள்தான். எல்லோராலும் போக முடியாது. மறுநாள் கணக்கு முடிக்க வேண்டியவர்கள், கைக்குழந்தைக்காரிகள், புருஷன் விடாதவர்கள் என்று பாதிப் பேர் வீட்டிலேயே கிடப்பார்கள். அவர்களுக்குப் பெரியம்மைதான் படம்.

‘உதிரிப்பூக்கள்’ படத்தை அவள் நாள்கணக்கில் சொன்னாள். 1979இல் வந்த படம், எங்கள் பக்கத்துக் கொட்டகைக்கு வெகுநாள் கழித்துத்தான் வந்தது. புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’யைத் தழுவியது என்பதெல்லாம் அவளுக்குத் தெரியாது. இயக்குநர் மகேந்திரன் பெயரைக்கூட அவள் சொன்னதாக நினைவில்லை. ஆனால் சீக்காளி மனைவி புருஷன் முகத்தை ஏறிட்டுப் பார்ப்பதற்கு முன்னால் எப்படி ஒரு கணம் தயங்குவாள் என்பதைத் தலையைக் குனிந்து, பிறகு மெல்ல நிமிர்ந்து காட்டினாள். ‘அழகிய கண்ணே’ பாட்டை அவளுக்குப் பாட வராது. வரிகளைப் பேச்சுப்போலச் சொல்லிவிட்டு, தாயின் கை பிள்ளையின் தலையில் எப்படிப் படும் என்று பக்கத்தில் இருந்த என் தலையில் வைத்துக் காட்டினாள். அந்த நேரத்தில் மட்டும் கத்தரியைக் கீழே வைத்துவிடுவாள். அவளைப் பார்த்து மற்றவர்களின் கையும் நின்றுவிடும். பீடி குறைந்தால் கூலி குறையும். இருந்தும் நின்றது.

கடைசியில் ஊரே திரண்டு அந்தக் கொடுமைக்காரப் புருஷனை ஆற்றில் இறங்கச் சொல்கிற இடத்தைச் சொல்லி முடித்தாள். நல்லவர்களாக இருந்த உங்களையும் என்னைப்போல ஆக்கிவிட்டேனே என்று அவன் ஊராரிடம் சொல்வதையும், இரண்டு பிள்ளைகளும் கரையில் இருப்பதையும் சொன்னாள். படம் நன்றாக இருக்கிறதா என்று திண்ணையில் ஒருத்தியும் கேட்கவில்லை. அந்தப் பிள்ளைகளை இனி யார் வளர்ப்பார்கள் என்று கேட்டார்கள். சித்திதான் வளர்க்க வேண்டும் என்று ஒருத்தி சொன்னாள். அவளே பாவம், அவள் தலையில் எதற்குக் கட்டுகிறாய் என்றாள் இன்னொருத்தி. ஊர்தானே அவனைக் கொன்றது, ஊர்தான் வளர்க்க வேண்டும் என்றாள் தாயில்லாமல் வளர்ந்த ஒரு மதினி. அந்த வழக்கு பல நாள் நடந்தது. கதை முழுவதும் தெரிந்த பிறகும் அவர்களில் சிலர் சண்டை போட்டு அனுமதி வாங்கிக்கொண்டு படத்துக்குப் போய் வந்தார்கள். கதையைச் சொல்வது தவறா என்று கேட்டிருந்தீர்கள் அல்லவா? இதுதான் பதில்.

எனக்குத் தெரிந்து சினிமாவைப் பற்றிய மிக நல்ல பேச்சு அந்தத் திண்ணையில்தான் நடந்தது. பெரியம்மை தான் பார்த்ததைச் சொன்னாள். தீர்ப்புச் சொல்லவில்லை. உங்கள் இரண்டு வரியில் தீர்ப்பு இருக்கிறது, நீங்கள் பார்த்தது இல்லை. ‘மகாராஜா’வையே எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல படம் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஒரு முடிதிருத்துபவர் காவல் நிலையத்துக்குப் போய் லட்சுமியைக் காணவில்லை என்று புகார் கொடுக்கிறார், அந்த லட்சுமி ஒரு குப்பைத்தொட்டி. போலீஸ்காரர்களோடு சேர்ந்து நாமும் சிரிக்கிறோம், பிறகு சிரித்ததற்காகக் கூசிப்போகிறோம். உங்களுக்கும் கூசியதா? அதை எழுதியிருந்தால் அதுதான் அபிப்பிராயம்.

உங்கள் அப்பாவைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். மகனோடு படத்துக்குப் போய், மகன் பக்கத்தில் இருக்கிறான் என்ற கூச்சத்தையும் மீறி அழுதிருக்கிறார். எந்த இடத்தில் அழுதார்? நீங்கள் எழுதவில்லை. அநேகமாகக் கவனிக்கவில்லை. அண்ணன் கொண்டுவந்த பரிசை மணமேடையிலேயே தங்கை பிரிக்கும் இடமா? அத்தான் விட்டுப்போன சைக்கிளால் தன் குடும்பம் தலையெடுத்ததை அந்த ஊர்க்காரன் சொல்லும் இடமா? சொத்துத் தகராறில் வீட்டை விட்டுக் கிளம்பும் தொடக்கமா? உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு வீடு கைவிட்டுப் போயிருக்கிறதா? அவருக்கு இருபது வருடக் கதை அந்தப் படத்துக்குள் ஓடியிருக்கலாம். அதைத்தான் அவர் கண்முன்னாலேயே இழுவை என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு மனசு கெட்டதில்லை, கடிதத்திலேயே தெரிகிறது. குற்ற உணர்ச்சி இல்லாவிட்டால் அவர் கண்ணைத் துடைத்ததை எனக்கு எழுதியிருக்கவே மாட்டீர்கள். இன்றைக்கே ஊருக்குப் போன் செய்யுங்கள். எந்த இடத்தில் அழுதீர்கள் என்று கேளுங்கள். அவர் சொல்லத் தொடங்கினால் குறுக்கே பேசாதீர்கள்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, செல்பேசியை வேறு அறையில் வைத்துவிட்டு, ‘கொட்டுக்காளி’யை அதற்குரிய வேகத்தில் இன்னொரு முறை பாருங்கள். அந்தச் சிறுமி காளையைக் கூட்டிக்கொண்டு போனபோது ஆண்களின் முகம் எப்படி இருந்தது என்று எனக்கு எழுதுங்கள். அப்போதும் பிடிக்கவில்லை என்றால் அதையும் எழுதுங்கள், இங்கேயே வெளியிடுகிறேன்.

குடும்பக் குழுவில் எழுதுவதை நிறுத்தாதீர்கள். சித்தப்பா மறுபடியும் தகுதியைப் பற்றிப் பேசினால், அவர் கடைசியாகப் பார்த்த படத்தில் எந்த இடம் நினைவில் நிற்கிறது என்று கேட்டுப் பாருங்கள். அவரும் எழுதட்டும்.