குழுவில் போட்டால் போதாதா? வாசகர் கேள்விகள்

செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்தில் மண்டோராக, அதாவது வேலையாட்களின் மேற்பார்வையாளராக இருக்கிறேன். தொழில் அனுபவத்தை எழுத முகநூலா, வலைப்பூவா?

வலைப்பூவில் எழுதி, இணைப்பை முகநூலில் இடுங்கள். முகநூலில் நேற்றைய பதிவே இன்று அடியில் போய்விடுகிறது. தன்வரலாற்றிலிருந்து தொடங்க வேண்டாம். மரத்தடியில் எத்தனை உதிரிப்பழம் கிடந்தால் குலையை வெட்டலாம் என்பதை முதலில் எழுதுங்கள். அடித்தண்டை அழுக வைக்கும் கானோடெர்மா காளான் முளைத்த மரத்தைப் படம் பிடித்துப் போடுங்கள். நகல் எடுத்து வையுங்கள்.

2001இல் தட்டச்சு செய்த கட்டுரைகள் இப்போது கட்டம் கட்டமாகத் தெரிகின்றன. ஏன்?

பழைய குறியீடு. ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்ற வேண்டும். எந்த எழுத்துரு, முரசு அஞ்சலா வேறொன்றா என்று எழுதாமல் கேட்டால் நான் என்ன ஜோசியமா பார்ப்பது?

ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி (எழுத்தர்) நான். நான்கு ஆண்டுகளாகத் தோட்ட வரலாற்றைப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் குரல்பதிவாகப் போட்டு வருகிறேன். அது போதாதா?

போதாது. கோபித்துக்கொள்ளாதீர்கள் ஐயா, இதே கேள்வியைப் பத்துப் பேராவது கேட்டுவிட்டார்கள். நான்கு நிமிடக் குரல்பதிவில் ஒன்றரை நிமிடம் வணக்கமும் நலம் விசாரிப்பும். பின்னால் கோழி கொக்கரிக்கிறது. பழைய லயம், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகள், எந்த ஆற்றோரம் இருந்தது என்ற விஷயம் மூன்றாம் நிமிடத்தில்தான் வருகிறது. அதற்குள் யாராவது காலை வணக்கப் படம் போட்டுவிடுகிறார்கள். நாளைக்கு உங்கள் தோட்டத்தின் பெயரைக் கூகுளில் தட்டும் பேரனுக்கு இதில் ஒரு சொல்லும் அகப்படாது. தேடுபொறி குழுவுக்குள் நுழையாது. லயத்தை இடித்து வீட்டுமனை ஆக்கிவிட்ட பிறகு, இடம் தெரிந்தவர் இன்னும் எத்தனை பேர்?

எனக்கும் பட்டுத்தான் புத்தி வந்தது. மோட்டார் சைக்கிள் கூடையிலிருந்து என் கைப்பேசி வாய்க்காலில் விழுந்தது. அரிசிக்குள் புதைத்தும் உயிர் வரவில்லை. ரப்பர் பால்வெட்டுக்காரர்களிடம் இரண்டு ஆண்டுகள் கேட்டுச் சேர்த்த முந்நூறு தொழிற்சொற்கள் அதோடு போயின. எல்லாவற்றையும் குழுவில் போட்டிருந்தேனே என்று விசாரித்தால், கைப்பேசியில் இடம் போதவில்லை என்று ஆளாளுக்கு அழித்துவிட்டிருந்தார்கள்.

ஆகவே, பேசியதை யாரையாவது கொண்டு தட்டச்சு செய்து, தலைப்பில் தோட்டம், ஊர், ஆண்டு மூன்றையும் வைத்து வலைப்பூவில் இடுங்கள். குழுவுக்கு இணைப்பு மட்டும் போகட்டும். எழுத்தைப் படமாக்கிப் போடாதீர்கள், அதையும் தேடிப் பிடிப்பது கடினம். நகல் எடுத்து வையுங்கள். கூகுள் பிளஸ் 2019இல் மூடப்பட்டது, யாஹூ குழுமங்கள் 2020இல். அங்கே எழுதிக் குவித்தவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

பள்ளி நடவடிக்கைகளை எழுதும் ஆசிரியை நான். மாணவர் படங்களைப் போடலாமா?

பெற்றோரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் கூடாது. சம்மதம் இருந்தாலும் சட்டையிலுள்ள பெயரை மறையுங்கள். பயிற்சித்தாளை மட்டும் போட்டாலே பாதிப் பேருக்குப் பயன்.

வேலையிடத்தில் நடப்பதை எழுதலாமா?

வேலை நுணுக்கத்தை எழுதலாம். விளைச்சல் கணக்கும் சம்பளப் பட்டியலும் வேண்டாம். மேலாளரைத் திட்டி எழுதியதன் படத்தையும் இணைத்து 'இது சரியா?' என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் அதை நீக்குங்கள், பிறகு இணையத்தில் பிறரைப் புண்படுத்த எழுதுவதைக் குற்றமாக்கும், மலேசியாவின் 1998ஆம் ஆண்டுத் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233ஆம் பிரிவைப் படியுங்கள்.

வலைப்பூவுக்குப் பணம் கட்ட வேண்டுமா?

பிளாகர் இலவசம். சொந்த முகவரி வேண்டுமென்றால் ஆண்டுக்கு ஐம்பது அறுபது ரிங்கிட் ஆகும். நகல்? எடுத்து வையுங்கள்.